லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பு: பல்லியைக் கடைசியில் வாங்குங்கள்

பல்லி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பல்லியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். தொட்டி அடுத்த வாரம், சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் அடுத்த மாதம், மருத்துவரைத் தேடுவது நோய் வந்த பிறகு. புதியவர்களிடம் பல்லிகள் சாவதற்கு இந்தத் தலைகீழ் வரிசையே பெரிய காரணம். சரியான வரிசை இதுதான்: பெயர், தாள்கள், பணக்கணக்கு, தொட்டி, வெப்பம், தீனி, மருத்துவர். இவ்வளவும் தயாரான பிறகுதான் உயிர் வீட்டுக்கு வர வேண்டும்.

முதல் பல்லிக்கு இங்கே லெப்பர்ட் கெக்கோவை எடுத்துக்கொள்கிறோம். வளர்ந்தாலும் 20 முதல் 25 செ.மீ.தான். விரலில் ஒட்டும் பட்டைகள் இல்லாததால் கண்ணாடிச் சுவரில் ஏறித் தப்பாது. விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை பண்ணையில் பொரித்தவை. ஆனால் நன்றாக வளர்த்தால் 15 முதல் 20 ஆண்டு இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் நீங்கள்தான் பூச்சி பிடித்துப் போட வேண்டியிருக்கும்.

1. எந்தப் பல்லி என்பதை எழுத்தில் வாங்குங்கள்

"பல்லி", "லிசர்ட்", "டிராகன்" என்பதெல்லாம் விலைச்சீட்டில் ஒட்டுவதற்கான பெயர்கள். அவற்றை நம்பித் தொட்டி வாங்க முடியாது. குட்டியாக இருக்கும்போது எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்த பிறகுதான் சிக்கல்.

- பச்சை இகுவானா: வாலோடு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். இலைதழை மட்டுமே தின்னும். தொட்டி போதாது, ஓர் அறையையே ஒதுக்க வேண்டும்.
- பியர்டட் டிராகன்: 45 முதல் 60 செ.மீ. பகலில் நடமாடும். வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸும் வலுவான யுவிபி (ஒரு வகைப் புறஊதா) ஒளியும் வேண்டும்.
- பச்சோந்தி: பார்க்க மட்டுமே. கையில் எடுத்தாலே அதற்கு மன அழுத்தம். கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலைகளில் தெளித்தால் நக்கிக் குடிக்கும்.
- சவன்னா மானிட்டர்: உடும்பு இனம். ஒரு மீட்டர் வரை வளரும். தோண்டிப் படுக்க ஆழமான மண் கேட்கும்.
- டோக்கே கெக்கோ: கடித்தால் பிடியை விடாது. முதல் பல்லியாக வேண்டவே வேண்டாம்.

பெயர்கள் தடம் மாறுவதும் உண்டு. அனோல் என்ற சிறு பச்சைப் பல்லி நிறம் மாறுகிறது என்பதற்காக அதையே பச்சோந்தி என்று விற்பார்கள். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு, சட்டமும் வேறு. அதனால் ரசீதில் அறிவியல் பெயரைக் கேளுங்கள். லெப்பர்ட் கெக்கோவுக்கு அது "யூப்ளெஃபாரிஸ் மாக்குலேரியஸ்". இந்தப் பெயரை எழுதித் தர விற்பவர் தயங்கினால், வேறு விற்பவரைத் தேடுங்கள்.

காட்டிலோ தோட்டத்திலோ பிடித்ததை வளர்க்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். சட்டம் தடுக்காத இடத்திலும், பிடிபட்ட பல்லி ஒட்டுண்ணிகளோடு வரும், தீனி எடுக்காமல் அடம்பிடிக்கும்.

2. தாள்களை முதலில் முடியுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில், நீங்கள் இருக்கும் இடத்தின் வனவிலங்குத் துறையிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த இனத்தை வளர்க்கலாமா? உரிமமோ பதிவோ தேவையா? வாங்கிய எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும்? கேள்வியில் அறிவியல் பெயர் இருக்கட்டும். "பல்லி வளர்க்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், அது உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து ரசீது. அதில் இருக்க வேண்டியவை: அறிவியல் பெயர், பொரித்த தேதி, பண்ணையில் பிறந்தது என்ற வாசகம், நிற வகையின் பெயர், விற்பவரின் பெயரும் முகவரியும், விற்ற தேதி. பெற்றோர்ப் பல்லிகளின் படமும் கடைசியாகத் தீனி எடுத்த விவரமும் கிடைத்தால் இன்னும் நல்லது. "தாள் பின்னால வரும்" என்று சொன்னால், பல்லியையும் பின்னாலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிடுங்கள்.

எல்லை தாண்டி வரும் பல்லி என்றால், அழியும் அபாயமுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலைப் பாருங்கள். இகுவானா, உடும்பு இனங்கள், பச்சோந்திகளில் பெரும்பாலானவை, முள்வால் பல்லிகளான யூரோமாஸ்டிக்ஸ், ஃபெல்சூமா என்ற பகல் கெக்கோக்கள் எல்லாம் அதில் உண்டு. டோக்கே கெக்கோ 2019இல் சேர்ந்தது. பட்டியலில் உள்ள இனத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் பறிமுதலாகும், வழக்கும் வரலாம். பட்டியலில் இல்லை என்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாகவும் நினைக்காதீர்கள்: கால்நடைத் தடைக்காப்பு (குவாரன்டைன்), இறக்குமதி விதிகள் தனியாக இருக்கும். முதல் பல்லியை உள்நாட்டிலேயே வாங்குவது நிம்மதி.

வாடகை வீடா? உரிமையாளரின் சம்மதத்தை ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையில் "சரி" என்றவர், தீனிக்காக வைத்த பெட்டி நிறையச் சிள்வண்டுகளைப் பார்த்ததும் மனசு மாறுவார்.

3. பணக்கணக்கு

பல்லியின் விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஒருமுறைச் செலவில் பெரியவை: தொட்டி, தெர்மோஸ்டாட், விளக்குகள். இவற்றில் எதில் மிச்சம் பிடித்தாலும் தெர்மோஸ்டாட்டில் மட்டும் பிடிக்காதீர்கள். தொட்டியைப் பழையதாக வாங்கலாம். ஆனால் முந்தைய பல்லி எதனால் செத்தது என்று தெரியாவிட்டால், மர அலங்காரங்களையும் மண்ணையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொடர்ச் செலவை ஆண்டுக்கணக்கில் போடுங்கள். உயிர்ப்பூச்சி ஒவ்வொரு வாரமும் வேண்டும். கால்சியம், வைட்டமின் பொடிகளைத் திறந்த ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும். யுவிபி குழல் விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தாலும் புறஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும். மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு சோதனையும் ஒரு எச்சப் பரிசோதனையும்.

மின்சாரம் பயப்படும்படி இராது. சூடேற்றும் 50 வாட் ஹாலஜன் விளக்கு நாளுக்கு 12 மணி நேரம் முழு வலுவில் எரிந்தால் 0.6 யூனிட், மாதம் 18 யூனிட். தெர்மோஸ்டாட் மங்கவைப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். அதே 12 மணி நேரம் எரியும் 24 வாட் யுவிபி குழல் மாதம் 9 யூனிட்டுக்குள் அடங்கும்.

அவசரத்துக்கு என்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள். ஒரு எக்ஸ்ரேவும் ஒரு சிறு அறுவையும் சேர்ந்தால், பல்லியை வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும்.

4. தொட்டி

வளர்ந்த ஒரு பல்லிக்கு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று வையுங்கள். நீளம்தான் முக்கியம்: ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்க இடைவெளி வேண்டும். குட்டிக்கும் இதே தொட்டி போதும், மறைவிடங்களை மட்டும் நெருக்கமாக வைத்தால் சரி.

மறைவிடம் மூன்று. ஒன்று சூடான பக்கத்தில், ஒன்று குளிர்ந்த பக்கத்தில், ஒன்று நடுவில் ஈரமானது. ஈர மறைவிடத்துக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பல்லி நுழையும் அளவுக்கு வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பை மழுக்கி, நனைத்துப் பிழிந்த தேங்காய்நார்த் துகளையோ பாசியையோ உள்ளே போடுங்கள். தொட்டியின் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் போதும். இந்த டப்பாவுக்குள் மட்டும் 70 முதல் 80.

தரையில் முதல் மூன்று மாதம் பேப்பர் டவல். அழகில்லைதான். ஆனால் எச்சத்தின் நிறம், உயிரோடிருக்கும் புழு, ரத்தக் கறை எல்லாம் அதில்தான் தெரியும். பிறகு மண்ணும் மணலும் கலந்து இறுக்கிய தரைக்கு மாறலாம். "கால்சியம் மணல்" என்று விற்பதை எந்தக் கட்டத்திலும் வாங்காதீர்கள். கால்சியம் போதாத பல்லி அதை நக்கித் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும்.

ஒரு தொட்டிக்கு ஒரு பல்லி. இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கொல்லும் வரை போகும். இரண்டு பெண்களில் ஒன்று மற்றதைத் தீனிக்கு அண்ட விடாது. இன்னொரு பொறி: குட்டியில் ஆண் பெண் சரியாகத் தெரியாது. "இரண்டும் பொட்டை" என்று வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து ஒன்றின் கழிவுத்துளைக்கு முன்னால் தலைகீழ் வி வடிவத்தில் புள்ளிவரிசை முளைப்பதைப் பார்க்கிறார்கள். அது ஆண்.

5. வெப்பம்: அதிகம் தவறுவது இங்கேதான்

பல்லிக்குச் சொந்தச் சூடு இல்லை. அடிவயிறு சூடாகாவிட்டால் தின்றது செரிக்காது, கக்கிவிடும். சூடு மிஞ்சினால் வெந்துபோகும். இலக்கு எண்கள்:

- சூடான மறைவிடத்தின் தரை: 32 முதல் 34 டிகிரி
- குளிர்ந்த பக்கம்: 24 முதல் 26 டிகிரி
- இரவில்: 20 வரை இறங்கலாம்

கருவி இரண்டு வகை. தொட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) ஒன்று. மேலிருந்து சூடேற்றும் ஹாலஜன் மற்றது. பேப்பர் தரை என்றால் மேட் வசதி. தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கட்டும், தொட்டியின் கீழே காற்றுப் போகச் சிறு இடைவெளி இருக்கட்டும். தடிமனான மண் போட்டால் மேட் வேண்டாம்: சூடு மேலே ஏறாமல் அடியில் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். அப்போது ஹாலஜன்தான். பல்லி மேலே ஏறி விளக்கைத் தொட முடியாதபடி கம்பிக்கூண்டு போட வேண்டும். "சூடான பாறை" என்று விற்கும் மின்கல்லை ஒதுக்குங்கள். அதன் பரப்பு சீராகச் சூடாகாது, பல்லிக்கும் வயிறு சுடுவது சீக்கிரம் உறைக்காது. தீக்காயத்தோடு படுத்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டிலும் வகை உண்டு. ஹாலஜனுக்கு மங்கவைக்கும் வகை. மேட்டுக்கு இணைத்துத் துண்டிக்கும் சாதாரண வகையே போதும். அந்தச் சாதாரண வகையை ஹாலஜனில் போட்டால் விளக்கு அணைந்து அணைந்து எரியும், ஆயுளும் போகும்.

தெர்மோஸ்டாட்டுக்குச் சூட்டை உணர்ந்து சொல்லும் கம்பிமுனையான புரோப் எங்கே இருக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. அது சூடான இடத்தின் தரையில், நகராதபடி பதிந்திருக்க வேண்டும். பல்லி அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் கொண்டுபோனால், "இன்னும் சூடாகவில்லை" என்று தெர்மோஸ்டாட் நினைத்து மேட்டை முழு வலுவில் ஓட்டும். புரோப் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்தாலும் இதே கதை. ஒட்டுவதற்கு செலோடேப் கூடாது. பிசின் பல்லியின் தோலோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். சூடான பசையோ மீன்தொட்டி சிலிக்கானோ பயன்படுத்துங்கள், முழுதாகக் காய்ந்த பிறகே பல்லியை விடுங்கள். மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளியில் பதிப்பது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் உள்ளே தரைச்சூடு தெர்மோஸ்டாட் காட்டுவதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அகச்சிவப்பு வெப்பமானியால் தரையை அளந்து, எண்ணை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்ப வேண்டாம். அது காட்டுவது அந்தச் சுவரின் காற்றுச்சூடு. பல்லி படுப்பதோ தரையில்.

6. ஒளி

பகல் 12 முதல் 14 மணி நேரம், பிறகு முழு இருட்டு. இரவில் சிவப்பு, நீல விளக்குகள் வேண்டாம். அவை பல்லிக்கு இருட்டல்ல.

யுவிபி இல்லாமலும் இந்த இனம் பிழைக்கும், பொடியில் வைட்டமின் டி3 கொடுத்தால். ஆனாலும் மெல்லிய யுவிபி கொடுப்பது நல்லது. நிழல்வாழ் இனங்களுக்கான 5 முதல் 7 சதவீதக் குழல் போதும். பாலைவன இனங்களுக்கான 10, 12 சதவீதக் குழல் இதற்கு அதிகம். கண்ணாடி, பிளாஸ்டிக் வழியாக யுவிபி நுழையாது; கம்பிவலையும் ஒரு பங்கைத் தின்றுவிடும். நிறமி குறைந்த அல்பினோ வகைகளுக்குக் கண் கூசும். அவற்றுக்கு ஒளியைக் குறைத்து, நிழலை அதிகமாக்குங்கள்.

7. ஒரு வாரம் வெறும் தொட்டியை ஓட்டுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. எல்லாவற்றையும் இணைத்து ஏழு நாள் ஓட்டி, காலை, பகல், இரவு மூன்று வேளை எண்களைக் குறியுங்கள். நள்ளிரவில் எவ்வளவு இறங்குகிறது, நண்பகலில் எவ்வளவு ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இடையில் ஒருநாள், தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை நேரடியாக இணைத்து, பக்கத்திலேயே இருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். தெர்மோஸ்டாட் இணைத்த நிலையிலேயே கெட்டுச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒத்திகை. தரை மளமளவென்று 45ஐத் தாண்டினால் அந்த மேட் இந்தத் தொட்டிக்கு வலு அதிகம். குறைந்த வாட்டில் மாற்றுங்கள்.

இதே வாரத்தில் ஊர்வன பார்க்கும் மருத்துவரைத் தேடிப் பேசிவிடுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் இதற்கு ஆகமாட்டார். பூச்சி தொடர்ந்து கிடைக்கும் இடத்தையும் உறுதி செய்யுங்கள், ஒன்றுக்கு இரண்டாக.

8. பல்லியைத் தேர்ந்தெடுத்தல்

வால் கழுத்தளவு தடித்திருக்க வேண்டும். கொழுப்புச் சேமிப்பு அங்கேதான். கண் இரண்டும் முழுதாகத் திறக்க வேண்டும். விரல்கள் எல்லாம் நகத்தோடு இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கழிவுத்துளையைச் சுற்றிக் காய்ந்த கறை இருக்கக் கூடாது. நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க வேண்டும். இழுத்துக்கொண்டு நடந்தால் எலும்பில் குறை. உங்கள் கண்முன்னே அதற்கு ஒரு பூச்சியைக் கொடுத்துத் தின்னவைத்துக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

வயது நான்கு மாதத்துக்கு மேல் இருந்தால் புதியவருக்கு எளிது. அப்போதுதான் பொரித்த குட்டி மலிவாகக் கிடைக்கும், அதே சுலபத்தில் சாகவும் சாகும்.

நிறத்துக்கு மயங்கி இரண்டு வகைகளில் மாட்டாதீர்கள். "எனிக்மா" வகைக்கு நரம்புக் கோளாறு பரம்பரையாக வரும்: தலை சாயும், வட்டமடிக்கும், பூச்சியைக் குறிபார்த்துக் கவ்வ முடியாது. "லெமன் ஃப்ராஸ்ட்" வகையில் தோல்கட்டிகள் வரும். அந்த நிறத்தோடு ஸ்பின்ட்1 என்ற மரபணுவுக்குள்ள தொடர்பை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை மலிவாகக் கிடைத்தாலும், ஏன் மலிவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

வளர்ந்த பெண்ணை வாங்கினால், அது ஆணோடு இருந்ததா என்று கேளுங்கள். விந்தைச் சேமித்து வைத்து மாதங்கள் கழித்தும் முட்டையிடும். ஆணே பார்க்காத பெண்ணும் கருவில்லா முட்டை இடுவதுண்டு.

9. வீட்டுக்குக் கொண்டுவருவதும் முதல் இரண்டு வாரமும்

காற்றுத்துளையுள்ள சிறு டப்பா, உள்ளே பேப்பர் டவல், மேலே துணி. 24 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகாதீர்கள். புறப்படும் முந்தைய நாள் தீனி வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

வந்ததும் எடை போட்டு, தொட்டியில் விட்டு, மூடிவிட்டு நகருங்கள். முதல் இரண்டு வாரம் கையில் எடுக்கக் கூடாது. பலவும் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் தின்னாது. வால் தடிமனாக இருக்கும் வரை பதறாதீர்கள். அந்த நேரத்தில் தொட்டியை மாற்றுவது, மறைவிடத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது, வாயில் பூச்சியைத் திணிப்பது எல்லாம் நிலைமையை மோசமாக்கும்.

24 மணி நேரத்துக்குள் போட்ட எச்சத்தை மூடிய டப்பாவில், சமையல் பொருள் இல்லாத ஒரு குளிர்பெட்டியில், உறையாமல் வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். ஒருமுறை சுத்தமாக வந்தால் போதாது. ஒட்டுண்ணி முட்டை எல்லா நாளும் வெளிவராது. ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே வேறு பல்லி இருந்தால், புதியதை 60 முதல் 90 நாள் வேறு அறையில் வையுங்கள். இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் தனி. பழையதைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி. வால் குச்சியாக மெலிந்து, தின்றாலும் உடம்பில் ஒட்டாது. நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, சாதாரண பிளீச்சுக்கும் சாகாது.

தொட்டபின் சோப்பால் கை கழுவுவது பல்லிக்காக அல்ல, உங்களுக்காக: நல்ல ஆரோக்கியமான பல்லியின் உடலிலும் மனிதருக்கு வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

10. தீனி

இது பூச்சி மட்டும் தின்னும் பல்லி. பழம், கீரை எதுவும் வேண்டாம். அடிப்படைத் தீனி சிள்வண்டு, டூபியா கரப்பான், பட்டுப்புழு, கருப்புப் படைவீரன் ஈயின் புழு. மீல்வார்ம் என்ற மாவுப்புழு இடையிடையே. மெழுகுப்புழு மாதத்தில் ஓரிரு முறை மட்டும்: கொழுப்பு மிக அதிகம், ருசி கண்டால் மற்றதைத் தொடாது.

அளவுக்கு எளிய கணக்கு இரண்டு. பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. உடல்நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் இரண்டு பூச்சி. நான்கு மாதம் வரை தினமும், ஒரு வயது வரை ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. மாலை விளக்கு அணையும் நேரத்தில் போடுங்கள், அப்போதுதான் வேட்டைக்கு வெளியே வரும். கால் மணி நேரத்தில் தின்னாத சிள்வண்டை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது பல்லியையே கடிக்கும்.

பூச்சியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பல்லிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. இந்த இடைவெளியை நிரப்பாவிட்டால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும்: தாடை ரப்பர் போல வளையும், கால் கோணும், விரல் துடிக்கும். வளைந்த எலும்பு பிறகு நேராகாது.

நிரப்பும் வழி இரண்டு, இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒன்று, போடுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு பூச்சிக்கே நல்ல தீனி: கேரட், பச்சைக் கீரை, தானியத் தவிடு. பட்டினிப் பூச்சி வெறும் ஓடு. மற்றது பொடி. பூச்சியை ஒரு பையில் போட்டு, ஒரு சிட்டிகைப் பொடி தூவிக் குலுக்கி உடனே கொடுங்கள். தாமதித்தால் சிள்வண்டு தன்னைத் துடைத்துக்கொள்ளும். யுவிபி விளக்கு உண்டு என்றால் பெரும்பாலும் டி3 இல்லாத கால்சியம். விளக்கு இல்லை என்றால் டி3 கலந்தது, டப்பாவில் குறித்த அளவில். வாரம் ஒருமுறை பலவைட்டமின்; அதில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் கண் நோய் வரும். தொட்டிக்குள் கிண்ணத்தில் பொடி வைப்பதென்றால் டி3 இல்லாததை மட்டும் வையுங்கள். டி3 மிகுந்தால் நஞ்சு.

வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம். பூச்சிமருந்து தின்றதா என்று பார்த்துத் தெரியாது. மின்மினி வீட்டுக்குள் வந்தால் முதலில் அதை வெளியேற்றுங்கள்: பல மின்மினி இனங்களில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, ஒன்றே ஒன்று பியர்டட் டிராகனைக் கொன்றிருக்கிறது.

சிள்வண்டுப் பெட்டியில் திறந்த தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும், நாறும். கேரட் துண்டே போதும். முட்டை அட்டைகளை நிறுத்திவைத்து, மூடியில் கம்பிவலை போடுங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்து வெளியே வந்துவிடும்.

11. தோல் உரிப்பு

வளர்ந்த பல்லி மாதம் ஒருமுறை அளவில் உரிக்கும். குட்டி அதைவிட அடிக்கடி. முன்னதாக வெளிறிப்போகும், தீனி குறையும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும், அது இயல்பு.

உரித்த மறுநாள் விரல்நுனிகளைப் பாருங்கள். அங்கே வளையமாகத் தங்கும் தோல் காய்ந்து இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே உதிர்த்துவிடும். தங்கியிருந்தால் 28 முதல் 30 டிகிரி தண்ணீரில், வயிறு நனையும் ஆழத்தில் 15 நிமிடம் நிற்கவிட்டு, பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டுங்கள். வறண்ட தோலை உரிக்காதீர்கள். அடிக்கடி தங்கினால் ஈர மறைவிடம் காய்ந்துகிடக்கிறது என்று பொருள்.

வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, கழற்றிவிடும். கழன்றால் தரையைப் பேப்பருக்கு மாற்றி, சுத்தமாக வைத்து, தீனியைச் சற்று அதிகமாக்குங்கள். புதிய வால் உருண்டையாக முளைக்கும்.

12. மருத்துவரிடம் எப்போது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரு கிராம் துல்லியமுள்ள மின்தராசில் எடை போட்டு எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்னே தராசு சொல்லிவிடும்.

அன்றே போக வேண்டியவை: கழிவுத்துளையிலிருந்து சதை வெளியே தள்ளியிருப்பது (சுத்தமான தண்ணீரால் ஈரமாக வைத்துக்கொண்டே போங்கள்), வாய் திறந்தபடி மூச்சு வாங்குவது, வலிப்பு, முட்டையோடு வயிறு உப்பி முக்கிக்கொண்டே இருப்பது. அந்த வாரத்துக்குள்: எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு, வால் மெலிவு, ஒரு கண் மூடியே இருப்பது, இரண்டு வாரமாக எச்சம் இல்லாமை.

போகும்போது எடைக் குறிப்பு, வெப்ப எண்கள், பொடிகளின் பெயர், தொட்டியின் படம், கடைசி எச்சம் ஐந்தையும் எடுத்துப் போங்கள். பாதிக் காரணம் தொட்டியில்தான் இருக்கும், அதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

13. வெளியூர் போனால், மின்சாரம் போனால்

ஆரோக்கியமான வளர்ந்த பல்லி தண்ணீரும் வெப்பமும் இருந்தால் ஐந்து முதல் ஏழு நாள் தீனியில்லாமல் தாங்கும். குட்டி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் என்றால் ஆள் வைக்க வேண்டும். அவருக்குப் பல்லியைப் பிடிக்கிறதோ இல்லையோ, பூச்சியைப் பார்த்து அலறாதவராக இருக்கட்டும்.

மின்சாரம் சில மணி நேரம் போவதால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கப் போனால், அன்று தீனி போடாதீர்கள். சூடில்லாத வயிற்றில் பூச்சி அழுகும். தொட்டியைப் போர்வையால் சுற்றி, ஓரத்தில் சிறிது காற்றுக்கு விடுங்கள். வெந்நீர்ப் புட்டி வைப்பதானால் துணி சுற்றி, பல்லி விலகிப் போக இடம் விட்டு வையுங்கள். மின்சாரம் திரும்பியதும், விளக்குகளை ஏற்றி அணைக்கும் டைமர் இருந்தால் அதன் நேரம் தவறியிருக்கும், சரிசெய்யுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: தெர்மோஸ்டாட் காட்ட வேண்டிய எண், தண்ணீர் மாற்றும் நேரம், மருத்துவரின் தொலைபேசி எண், செலவு எதுவரை போகலாம் என்ற உங்கள் ஒப்புதல். மீல்வார்மை நாள்வாரியாகத் தனித்தனி டப்பாவில் எண்ணிப் போட்டுத் தேதி ஒட்டிவிடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால், பல்லி கண்ணாடி வழியே பார்க்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று நினைத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.